முழங்கால் வலி: ஸ்கேனுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

என் அம்மாவுக்கு 63 வயது. வந்தவாசிக்குப் பக்கத்து ஊர். இரண்டு முழங்கால்களிலும் வலி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. முதல் இரண்டரை ஆண்டுகள் தைலத்திலும் பொறுமையிலும் கழிந்தன. அதன் பிறகு நான் பொறுப்பை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தலைகீழான வரிசையில் செய்தேன். நேராகத் தனியார் மருத்துவமனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., "எலும்பு வளர" மாத்திரை, முட்டி உறை. நான்கு மாதத்தில் 11,650 ரூபாய் போயிற்று. அம்மா அப்போதும் படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினார். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடைசியில்தான் போனோம். அங்கே முதலில் போயிருந்தால் என்னென்ன செய்திருக்கலாம் என்பதைச் சரியான வரிசையில் எழுதுகிறேன்.

இது வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றியது. வேறு வகை மூட்டு நோய்க்கு வழி வேறு. ஆகவே முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. இது எந்த வலி என்று பாருங்கள்

வயது 45-க்கு மேல். நடந்தால், படி ஏறினால், குத்துக்காலிட்டு எழுந்தால் வலிக்கிறது. உட்கார்ந்து ஓய்வெடுத்தால் குறைகிறது. காலையில் எழும்போது மூட்டு இறுகியிருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. இவ்வளவும் பொருந்தினால் அது பெரும்பாலும் தேய்மானம். மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிப்பட்டவருக்கு நோயை உறுதிசெய்ய எக்ஸ்ரேகூட வழக்கமாகத் தேவையில்லை என்கிறது. நான் 6,500 ரூபாய் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டேன்.

கீழே உள்ளவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்:

மூட்டு திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அன்றே. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே. அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் மூட்டு வாத நிபுணரும் தேவை. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காப்பாற்றலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்கள் என்றால் எந்தக் கிழமை என்று நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

கால் பெருவிரல் ஒரே இரவில் வீங்கிப் போர்வை பட்டாலும் துடித்தால் அது யூரிக் அமிலம் கூடியதால் வரும் மூட்டு நோயாக இருக்கலாம். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலிப்பதும் உண்டு; மருத்துவரிடம் அந்தக் காய்ச்சலைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்க மறந்துவிடலாம்.

2. ஒரு பையில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்

ஆதார் அட்டை, குடும்ப அட்டை இரண்டின் நகல். பழைய மருந்துச் சீட்டுகள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்த நோட்டு. முன்பு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதுவும். இவற்றைவிட முக்கியமானது, வீட்டில் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். "சிவப்பு மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை ஒன்று" என்று சொல்லி மருத்துவரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மருந்துக் கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொடி, எதையும் மறைக்காதீர்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் "மூட்டு வலி மருந்து" மூன்றே நாளில் வலியைப் பறக்கவிட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு மெலியும். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்ய முடியாமல் போனது. அம்மாவின் மூன்றாவது வரி "ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியவில்லை" என்பது. மருத்துவர் அதைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன கேட்பது

காலையிலேயே போய்விடுங்கள். சீட்டுப் பதிவுக்குப் பணம் இல்லை. மருந்தும் இலவசம். எங்களுக்கு ஆனது ஆட்டோ செலவு மட்டும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம். புதன், வியாழன் பரவாயில்லை. இது எங்கள் ஊர்க் கணக்கு, உங்கள் ஊரில் செவிலியரைக் கேளுங்கள்.

கூட்டத்தில் மருத்துவர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. அதற்குள் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை. வலி மாத்திரை நாட்கணக்கில் போடுபவருக்கு இது கட்டாயம். மூன்று, இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், எந்த நாளில் வருகிறார் என்ற விவரம். எல்லா நிலையங்களிலும் தினமும் இருக்க மாட்டார். இல்லையென்றால் வட்டார மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டு இல்லாமலும் போகலாம், ஆனால் சீட்டோடு போனால் எந்த அறை என்று அலைய வேண்டியதில்லை. நான்கு, நடமாட முடியாதவர் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் நடக்கிறது. அம்மா நடமாடுகிறவர் என்பதால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை, அதில் தப்பும் இல்லை.

இங்கே ஒரு பொறி. "மூட்டு தேய்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னதும் வீட்டில் உள்ளவர்கள், "இனிமேல் அசையாதே, இருக்கிறதும் தேய்ந்துவிடும்" என்று பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். மூட்டு செருப்பைப் போல நடக்க நடக்கத் தேய்வதில்லை. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றும். தசை வற்றினால் முழங்காலைத் தாங்க ஆள் இல்லை, வலி கூடும். வலிக்கிறதே என்று இன்னும் உட்காருவார்கள். அம்மா இந்தச் சுழலில் எட்டு மாதம் இருந்தார், என் உத்தரவின்பேரில்.

4. மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

முழங்காலுக்கு முதலில் முயல வேண்டியது டைக்ளோஃபெனாக் போன்ற களிம்பு. மேலே பூசுவதால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் மாத்திரை அளவுக்குத் தொடாது. மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த அளவு, குறைந்த நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். சுகாதார நிலையத்தில் கொஞ்ச நாளுக்குத்தான் மாத்திரை தருவார்கள். "இவ்வளவுதானா" என்று சண்டை போடாதீர்கள், அதுதான் சரி.

வெளியே வாங்க நேர்ந்தால் மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேளுங்கள். அதே மருந்து கம்பெனிப் பெயரில்லாமல் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைப்பது சாதாரணம்.

பணத்தை விழுங்குபவை: குளுக்கோசமைன் மாத்திரை (எங்களுக்கு மாதம் 900, மூன்று மாதம்), மூட்டுக்குள் போடும் ஜெல் ஊசி (ஒரு காலுக்கு 18,000 என்றார்கள், நல்ல வேளையாகக் கையில் பணம் இல்லை). இரண்டையும் தர வேண்டாம் என்றே நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. முட்டி உறையும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கால் தள்ளாடி மடிகிறது என்றால் மட்டும் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டு 350 ரூபாய் உறை இப்போது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு இருக்கையாக இருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி கடும் வலியில் சில வாரம் ஆறுதல் தரும். சர்க்கரை நோயாளிக்கு அது போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

5. பயிற்சி: இதுதான் சிகிச்சை

மற்றதெல்லாம் இதற்குத் துணை. இயன்முறை மருத்துவரிடம் குறைந்தது இரண்டு முறையாவது நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். நாங்கள் பஸ் அலைச்சலுக்குப் பயந்து தனியாரிடம் 400 ரூபாய் வீதம் நான்கு முறை போனோம். சூடு வைப்பது, மின் அதிர்வு கொடுப்பது என்று மட்டும் செய்து அனுப்பினால், "வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மா செய்வதை உங்கள் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துபோகும்.

அம்மாவுக்குக் கொடுத்தவை இவை.

துண்டை உருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, காலை நீட்டியபடி துண்டைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். தொடை இறுகுவது கையில் தெரியும். 5 விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு காலுக்கு 10 முறை.

மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்றக் காலை நேராக ஒரு சாணுக்குச் சற்று மேல் தூக்கி 5 விநாடி நிறுத்துவது. பத்து முறை. மூச்சை அடக்கக் கூடாது. அம்மாவை எண்ணச் சொன்னேன். வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

பக்கவாட்டில் படுத்து மேலே இருக்கும் காலைத் தூக்குவது. இது இடுப்புத் தசைக்கு. முழங்காலுக்கு வலி என்றால் இடுப்புக்கு ஏன் என்று அம்மா கேட்டார். நடக்கும்போது இடுப்பு சாய்ந்தால் பாரம் முழங்காலில் இறங்குகிறது.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. முதலில் 5 முறை, போகப்போக 10. முடியாவிட்டால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், கால் விரிந்து வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சாம்பார் கொதிக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

வந்தவாசிக்காரர்களுக்குக் கோரைப் பாய்க்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பயிற்சியைப் பாயில் செய்ய வேண்டாம். தரையில் உட்கார்ந்து எழுவதே பாதி வலியைக் கூட்டிவிடும். கட்டிலில் படுத்துச் செய்யலாம்.

வாரத்தில் மூன்று நாளாவது இவற்றைச் செய்ய வேண்டும். நடையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம், சமதரையில். ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள்.

6. வலித்தால் நிறுத்துவதா?

பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்பது வழக்கம். ஐந்து வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அம்மாவுக்குப் பத்துக் கணக்கு பிடிபடவில்லை. "எட்டணா வலி இருக்கிறது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அணாக் கணக்குதான் (பழைய கணக்கில் பதினாறணா ஒரு ரூபாய்). எட்டணா வரை தொடரலாம், பத்தணா என்றால் குறைக்க வேண்டும், பன்னிரண்டணா என்றால் அன்றைக்கு விடுமுறை.

இன்னொரு சோதனை மறுநாள் காலையில். முந்தைய நாள் கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், முழுவதும் விட்டுவிடாதீர்கள்.

எப்போது பலன் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது வாரம் அம்மா, "இதனால் ஒன்றும் ஆகவில்லை, அந்த ஊசியையே போட்டுவிடலாம்" என்றார். ஆறாவது வாரத்தில் இரவு புரண்டு படுக்கும்போது வலி இல்லை என்றார். பன்னிரண்டாவது வாரத்தில் படியை நேராக இறங்கினார், கைப்பிடியைப் பிடித்தபடிதான். வலி முழுதாகப் போகவில்லை. தசை வலுக்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், இதைச் சுருக்க வழி இல்லை. ஒரு நோட்டில் தேதி, நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார், எத்தனை அணா என்று மூன்றே கட்டம் போட்டு எழுதுங்கள். சோர்வு வரும்போது பழைய பக்கத்தைக் காட்டலாம்.

7. வீட்டில் மாற்ற வேண்டியவை

முதல் மாற்றம் கழிப்பறை. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைதான் முழங்காலுக்கு முதல் எதிரி. மேலே வைக்கும் நாற்காலி மருத்துவப் பொருள் கடையில் கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடியும் பதியுங்கள்; அதற்குக் கொத்தனார் கூலி தனி. அரிவாள்மனையைத் தரையில் வைத்து உட்கார்ந்து நறுக்குவதை நிறுத்தி, மேசையில் கத்திக்கு மாற வேண்டும். அம்மா கத்தியை ஏற்க ஒரு மாதம் ஆயிற்று. கத்தியில் நறுக்கிய கத்தரிக்காய்க்கு ருசி இல்லையாம்.

கைத்தடி வாங்கினால், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் தடியின் உயரம் இருக்க வேண்டும். நுனி ரப்பர் தேய்ந்ததும் மாற்றுங்கள்.

எடை இருந்தால் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அம்மா 71 கிலோ. இரவு இட்லியில் இரண்டையும் மாலை முறுக்கையும் விட்டதில் ஐந்து மாதத்தில் 67-க்கு வந்தார்.

8. அறுவைச் சிகிச்சை வரை போகுமானால்

மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் மூட்டு மாற்றுச் சிகிச்சை பற்றிக் கேட்கலாம். அதற்குப் பிறகும் இதே தொடைப் பயிற்சிதான் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் முன்பு செய்தது வீணாகாது.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள், படுத்த பிறகு ஓடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. வேண்டியவை: குடும்ப அட்டை, அதில் உள்ளவர்களின் ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். எங்களுக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். எங்களுக்குத் திருவண்ணாமலை, பஸ்ஸில் போய்வர ஒரு பகல் முழுவதும் போய்விடும். கிளம்பும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அழைத்து, உங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே அட்டை இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அம்மாவின் பெயரில் ஒன்றில் "ள்", இன்னொன்றில் "ல்". அதைத் திருத்தக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திருவண்ணாமலைக்கு இன்னொரு பஸ் டிக்கெட் எடுத்தேன். அம்மாவும் கூட வந்தார், பஸ் படியில் தானாகவே ஏறி.